தோள் இல்லாத துணிக்கு ஹேங்கர் எதற்கு?

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"அம்மா இன்றைக்குப் பீரோவைப் பற்றிப் பேசப் போகிறார்" என்று தலைவர் சொன்னதும் பின்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தப்பில்லை. முப்பத்தோரு வருஷம் பெண்கள் பள்ளியில் மனையியல் பாடம் எடுத்தவள் நான். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம்தான். கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் பயப்படுவார்கள், எனக்கு யாரும் பயந்ததில்லை. ஆனால் பத்து, பதினைந்து வருஷம் கழித்துப் பஸ்ஸில் பார்க்கிற பிள்ளைகள் கணக்கு டீச்சரிடம் கணக்குக் கேட்பதில்லை. என்னிடம் மட்டும், "மிஸ், பட்டுப்புடவையில ஜரிகை கறுத்துப்போச்சு, என்ன செய்றது?" என்று கேட்கிறார்கள்.

மேசைமேல் ஐந்து ஹேங்கர் வைத்திருக்கிறேன். சலவைக்கடையிலிருந்து சட்டையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்த கம்பி ஹேங்கர் ஒன்று. துணிக்கடையில் இலவசமாகக் கொடுத்த, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் ஒன்று. ஒரு டஜனாக வாங்கிய சாதாரண பிளாஸ்டிக். மரத்தில் செய்தது ஒன்று. வெல்வெட் ஒட்டிய ஒல்லி ஹேங்கர் ஒன்று. இவற்றில் எது நல்லது என்று சொல்லிவிட்டுப் போவதானால் ஐந்து நிமிஷம் போதும். எந்தத் துணிக்கு நல்லது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வந்துவிடும். துணியைக் கையில் எடுத்ததும், இதன் பாரம் எங்கே இறங்கப் போகிறது என்று பாருங்கள். உடம்பில் போட்டிருக்கும்போது தோள் தாங்குகிறதா, இடுப்பு தாங்குகிறதா? கழற்றி வைத்தபிறகு அதை யார் தாங்கப் போகிறார்கள்?

நம் வீடுகளில் ஹேங்கர் என்பது புதுசு. என் பாட்டி வீட்டில் இருந்ததெல்லாம் கொடிதான். உள்ளறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஒரு கயிறு, இல்லையென்றால் உத்தரத்திலிருந்து இரண்டு கயிற்றில் தொங்குகிற மூங்கில் கழி. மடிப்புடவை கைக்கு எட்டாத உயரத்தில் காயும். அதை ஏற்றி இறக்க மடிக்கோல் என்று தனியாக ஒரு குச்சி. நல்ல துணியெல்லாம் மடித்து டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். ஹேங்கர் இல்லாதது அந்தக் காலத்து ஏழ்மை என்று நினைக்காதீர்கள். புடவைக்கும் வேட்டிக்கும் துண்டுக்கும் தோள் கிடையாது. தைக்காத துணி அது. மடித்தால் செங்கல் மாதிரி நீள்சதுரமாக உட்கார்ந்துகொள்ளும். அதற்கு ஹேங்கர் தேவையே இல்லை.

ஹேங்கரைச் செய்தவர்கள் கோட் போடுகிறவர்கள். கோட்டை மடித்து வைத்தால் கெட்டுப்போகும். தோளில் உள்துணி வைத்துத் தைத்திருப்பதால், தோள் மாதிரி ஒன்று அதற்கு வேண்டும். கம்பி ஹேங்கர் பிறந்த கதையாக அமெரிக்காவில் ஒன்று சொல்வார்கள். 1903, மிச்சிகன் மாநிலம், ஜாக்சன் ஊர். கம்பிச் சாமான் செய்கிற ஒரு பட்டறையில் ஆல்பர்ட் பார்க்ஹவுஸ் என்று ஒரு தொழிலாளி. காலையில் வேலைக்கு வந்தவருக்குக் கோட் மாட்ட ஒரு கொக்கி கூடக் காலியாக இல்லையாம். கீழே கிடந்த கம்பியை எடுத்து, இரண்டு பக்கமும் நீள்வட்டமாக வளைத்து, நடுவில் முறுக்கிக் கொக்கியாக்கி, கோட்டை மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். காப்புரிமை முதலாளி பக்கம் போனது, அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று கதையை முடிப்பார்கள். கோட் மாட்டுகிற சாமானுக்கு 1869-லேயே வேறொருவர் உரிமை வாங்கியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எப்படியானாலும் குளிர்நாட்டுக் கோட்டுக்காகப் பிறந்த சாமான் அது. நம் ஊருக்குச் சட்டையோடும், சுடிதாரோடும், கடைசியில் மாடுலர் வாட்ரோபோடும் வந்தது.

பீரோவும் அப்படித்தான். பிரெஞ்சில் பீரோ என்றால் எழுதுகிற மேசை. அலமாரி, போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த சொல். அதைப் பூட்டுகிற சாவியும் அவர்கள் சொல்தான். பூட்டு மட்டும் நம்முடையது. கோத்ரெஜ் நிறுவனம் 1923-ல் இரும்பு அலமாரி செய்ய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு இரண்டு, மூன்று தலைமுறைக்குக் கல்யாணச் சீர் என்றால் பீரோ என்றாகிவிட்டது.

அந்தப் பீரோவின் அளவை யாராவது பார்த்திருக்கிறீர்களா? வழக்கமான பெரிய பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம். ஆழம் 19 அங்குலம். கதவின் கனம், பின்தகடு எல்லாம் போக உள்ளே 18 அங்குலம் கிடைத்தால் பெரிது. பெரியவர்களுக்கான ஹேங்கர் ஒன்று 17 அங்குலம் இருக்கும். அதில் சட்டையை மாட்டினால் கை இரண்டும் வெளியே தொங்கும். கதவைச் சாத்தும்போது ஒரு கை பின்தகட்டில் உரசும், இன்னொரு கை கதவிடுக்கில் மாட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் என் கணவரின் வெள்ளைச் சட்டைகளில் இடது முழங்கைக்கு நேராக மட்டும் துருக்கறை வரும். துவைக்கிற தண்ணீரைக் குறை சொன்னேன், சோப்பைக் குறை சொன்னேன். ரொம்ப நாள் கழித்துத்தான் கதவின் கீலுக்குப் பக்கத்தில் பெயிண்ட் உரிந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். அந்தப் பீரோ மடித்து வைக்கிற துணிக்காகச் செய்தது. தட்டுகள்தான் அதன் பலம். ஒரு பக்கத்தில் கம்பி வைத்தது ஒரு மரியாதைக்கு.

புதுசாக வீடு கட்டுகிறவர்களுக்கு நேர்மாறான கஷ்டம். வாட்ரோப் செய்கிறவர் இரண்டடி ஆழம் வைக்கிறார், ஹேங்கருக்கு அது சரியான அளவு. ஆனால் படத்தில் பார்த்த மாதிரி முக்கால்வாசி இடத்தைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு மூலையில் இரண்டு தட்டு வைப்பார். நாற்பது புடவை வைத்திருக்கிற அம்மா எங்கே போவார்? ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் உள்ள துணியையெல்லாம் கட்டில்மேல் கொட்டி, தொங்க வேண்டியது, மடிக்க வேண்டியது என்று இரண்டு குவியலாகப் பிரித்துப் பாருங்கள். அப்புறம் அளவு கொடுங்கள். சட்டைக்கு மூன்றேகால் அடி உயரம் இருந்தால் போதும், ஆகவே ஒரே அறையில் மேலும் கீழுமாக இரண்டு கம்பி போடலாம். நைட்டி, நீள அங்கி மாதிரியானவற்றுக்கு மட்டும் ஐந்தரை அடி விட்டால் போதும். கம்பி மூன்றடிக்கு மேல் நீண்டால் நடுவில் ஒரு தாங்கி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருஷத்தில் வில்லாக வளைந்து, எல்லா ஹேங்கரும் நடுவில் வந்து கூடிப் பேசிக்கொண்டிருக்கும்.

இப்போது இந்த ஐந்தைப் பார்ப்போம்.

கம்பி ஹேங்கர் சலவைக்கடையிலிருந்து வீடு வரைக்கும் துணியைக் கொண்டுவந்து சேர்க்க மட்டும்தான். அதன் விளிம்பு பென்சில் கோடு மாதிரி. சட்டையின் மொத்தப் பாரமும் அந்தக் கோட்டின்மேல் இறங்குவதால் தோளில் இரண்டு பக்கமும் கொம்பு முளைத்த மாதிரி மேடு தட்டும். ஈரத்தில் மாட்டினால் துருவும் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிடுங்கள். மேலே போட்ட பிளாஸ்டிக் உறையையும் கழற்றிவிடுங்கள், உள்ளே ஆவி நின்று துணி புழுங்கும். கம்பி ஹேங்கரால் ஒரே நல்ல உபயோகம், நிமிர்த்தி ஒட்டடைக்கோலாக்குவது. அடைத்த சாக்கடைக் குழாயிலும் விட்டுப் பார்க்கலாம்.

கண்ணாடி பிளாஸ்டிக் பார்க்க அழகு. ஆனால் நொறுங்குகிற சாதி. கீழே விழுந்தால் கொக்கிக்குக் கீழே படீரென்று உடையும், உடைந்த முனை கத்தி மாதிரி இருக்கும். கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தார் என்று சேர்த்துவைக்காதீர்கள்.

சாதாரண பிளாஸ்டிக் மோசமில்லை. அன்றாடச் சட்டைக்கும் சுடிதாருக்கும் இதுவே போதும். வாங்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். நான் கடைக்குப் போகும்போது கைப்பையில் ஒரு பழைய ஷிஃபான் துப்பட்டா எடுத்துப்போவேன். ஹேங்கரின் தோள் நெடுக அதை இழுத்துப் பார்ப்பேன். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் மெல்லிசாக ஒரு விளிம்பு நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. துப்பட்டா அங்கே 'சிக்'கென்று பிடிக்கும். பிடித்தால் திருப்பி வைத்துவிடுவேன். கடைப்பையன்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஒரு இழை அறுந்தால் புடவைக்காரிக்குத்தான் நஷ்டம், அவர்களுக்கு என்ன?

மர ஹேங்கர் கோட்டுக்கும் கனமான ஷெர்வானிக்கும். தோள்பட்டை அகலமாக, முன்பக்கம் லேசாக வளைந்து வர வேண்டும். நம் தோளும் அப்படித்தான் முன்னால் வளைந்திருக்கிறது. வார்னிஷை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பிசுக்கென்று ஒட்டினாலோ வாசனை தூக்கலாக அடித்தாலோ இன்னும் காயவில்லை என்று அர்த்தம், வெள்ளைத் துணியில் கறை ஏறும். வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் மரம் வாங்குகிறவர்களும் உண்டு. பார்க்க ஓட்டல் அறை மாதிரி இருக்கும், ஆனால் இருபது மர ஹேங்கரின் பாரத்தைச் சட்டை மாட்டாமலேயே கம்பி சுமக்க வேண்டும். இடமும் பாதியாகும்.

வெல்வெட் ஒல்லி ஹேங்கர் வழுக்காது. கழுத்து அகலமான ரவிக்கை, ஜார்ஜெட் குர்தி, ஸாட்டின் இவற்றுக்கு ரொம்ப நல்லது. வழுக்காது என்பதே அதன் குறையும். அவசரத்தில் சட்டையை இழுத்தால் அது விடாது, கழுத்துப்பட்டிதான் நீளும். ஈரத் துணியை இதில் மாட்டவே கூடாது, சாயம் விடலாம்.

இன்னொன்று அளவு. சட்டையின் இரண்டு தோள் தையலுக்கும் நடுவில் உள்ள தூரத்தைவிட ஹேங்கர் ஒரு அங்குலம் குறைவாக இருந்தால் சரி. அதிகமானால் கைப்பகுதியில் முட்டிக்கொண்டு நிற்கும். நாலு வயசுப் பிள்ளையின் சட்டையை அப்பாவின் ஹேங்கரில் மாட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிலுவையில் அறைந்த மாதிரி இருக்கும். குழந்தைகளுக்குப் பத்து, பன்னிரண்டு அங்குலத்தில் ஹேங்கர் விற்கிறார்கள். அதையும் விட நல்லது, பிள்ளைத் துணியை மடித்து அவர்கள் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்துவிடுவது. அவர்களே எடுக்கட்டும், கலைக்கட்டும்.

டீ ஷர்ட்டை மாட்டலாமா என்று பலபேர் கேட்பார்கள். கூடாது. நெய்த துணியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கே பிடித்துக்கொண்டிருக்கும், பாரம் இழுத்தாலும் விட்டுக்கொடுக்காது. திருப்பூர்க்காரர்கள் பின்னலாடை என்கிறார்களே, பனியன் துணி, அதில் ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துப் போகிறது. வளையத்தை இழுத்தால் நீளத்தான் செய்யும். கம்பளி ஸ்வெட்டருக்கும் இதே கதை. ஊட்டியில் வாங்கி வந்த ஸ்வெட்டரை ஆறு மாசம் ஹேங்கரில் போட்டு எடுத்தால் முழங்கால் வரைக்கும் வந்திருக்கும்.

இனி, நீங்கள் எதற்காக வந்தீர்களோ அந்த விஷயம். பட்டுப்புடவை.

என் அம்மாவின் கூறைப்புடவை அரக்கு நிறம், கட்டம் போட்டது, கனத்த கரை. 1962-ல் கல்யாணம். அதன்பிறகு நாலைந்து விசேஷத்துக்கு உடுத்தியிருப்பார். மற்ற நாளெல்லாம் டிரங்குப் பெட்டியின் அடியில், செய்தித்தாளில் சுற்றி, அந்துருண்டை போட்டு, மேலே ஆறேழு புடவை அடுக்கி. வெயில் படவில்லை, பூச்சி தொடவில்லை, எலி கிட்ட வரவில்லை. என் அண்ணன் மகளின் வளைகாப்புக்கு அதை எடுத்து வெளியே பிரித்தார்கள். பிரிக்கும்போதே மடிப்பில் விட்டுப்போயிற்று. கிழிந்தது என்று சொல்ல முடியாது. ஸ்கேல் வைத்துக் கத்தியால் கீறிய மாதிரி நேர்க்கோடாக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தையற்காரர் அளவெடுக்கிற மாதிரி அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துக் கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். அப்புறம், "நாலு மடிப்பு, நாலு இடத்துல போயிருக்கு" என்றார்.

மனையியல் டீச்சரின் அம்மாவுக்கே இந்தக் கதி என்று என் அண்ணி இன்றைக்கும் சொல்வாள். நியாயம்தான்.

ஏன் அப்படி ஆகிறது? அசல் ஜரிகை என்பது உள்ளே பட்டு நூல், அதைச் சுற்றித் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். சூரத்திலிருந்து வந்தாலும் சரி, காஞ்சிபுரத்தில் அரசு ஆலையில் செய்தாலும் சரி, அது உலோகம்தான். கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும்? வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில், மேலே பாரத்தோடு கிடந்தால் அந்தக் கோட்டில் பட்டும் நொந்துபோகும். ஆகவே மூன்று மாசத்துக்கு ஒருதரம் எடுத்து, விரித்து, நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள். போன தடவை நாலாக மடித்ததை இந்தத் தடவை மூன்றாக மடியுங்கள். பழைய கோடு புது மடிப்பின் நடுவில் வந்து விழ வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று, நாலு புடவைக்கு மேல் அடுக்காதீர்கள். கனமானது அடியில், லேசானது மேலே.

ஹேங்கரில் மாட்டலாமே, மடிப்பே விழாதே என்பீர்கள். காஞ்சிப் பட்டு கனமானது ஒரு கிலோவைத் தொடும். அதில் நிறையப் பாரம் கரையிலும் முந்தானையிலும் இருக்கிறது. கோர்வை போட்ட புடவையில் கரையும் உடலும் தறியில் தனித்தனி நாடாவில் ஓடி, இழையோடு இழை கோத்துச் சேர்ந்தவை. மாதக்கணக்கில் தொங்கினால் கரையின் பாரம் அந்தக் கோர்வையைத்தான் இழுக்கும். ஹேங்கரின் கீழ்க்கம்பியில் விழுகிற மடிப்பும் மடிப்புதானே? காட்டன், ஜார்ஜெட், சிந்தெடிக் புடவைகளைத் தாராளமாக மாட்டுங்கள். உருண்டையான, தடிமனான கீழ்த்தண்டு உள்ளதாகப் பாருங்கள். பட்டை மாட்டாதீர்கள். ரொம்பப் பழைய பட்டாக இருந்தால், புதுத் துணி சுற்றி வருகிற அட்டைக்குழாய் ஒன்றைத் துணிக்கடையில் கேட்டு வாங்கி, அதன்மேல் காடாத் துணி சுற்றி, புடவையை இரண்டாக மட்டும் மடித்துச் சுருட்டி வைக்கலாம். அண்ணன் வீட்டில் அம்மாவின் புடவை இப்போது அப்படித்தான் இருக்கிறது, கிழிந்தபடியே.

செய்தித்தாளில் சுற்றாதீர்கள். அந்தக் காகிதத்தில் புளிப்பு உண்டு, மையும் ஒட்டும். வெள்ளி கறுப்பது கந்தகத்தால். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, ஆகவே புடவைக் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போடாதீர்கள். உடுத்தியிருக்கும்போது ஜரிகைமேல் சென்ட் அடிக்காதீர்கள். பழைய வேட்டி ஒன்றைக் கஞ்சியும் நீலமும் போகும்படி நன்றாக அலசிக் காயவைத்து, அதில் சுற்றுங்கள். அதைவிட நல்ல உறை எந்தக் கடையிலும் கிடையாது.

கஞ்சி என்றதும் ஞாபகம் வருகிறது. கஞ்சி போட்ட காட்டன் புடவையைப் பீரோவில் மாசக்கணக்கில் வைப்பது பூச்சிக்கு விருந்து. ராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து என்றால் உயிர். புத்தகத்தில் அது தேடுவதும் பசையைத்தான், நூலகக்காரர்களுக்குத் தெரியும். உடுத்தப் போகிற நாளுக்கு முன்னால் கஞ்சி போடுங்கள், வைக்கப் போகிற துணிக்கு வேண்டாம். பட்டையும் கம்பளியையும் தின்பது வேறு கூட்டம், அந்துப்பூச்சியின் புழுவும் அதன் சகாக்களும். வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் உள்ள இடத்தைத்தான் அவை முதலில் தேடும். ஒருதரம் உடுத்திய பட்டை அப்படியே பீரோவுக்குள் தள்ளாதீர்கள்.

அந்துருண்டையை ஐரோப்பாவில் 2008-ல் தடை செய்துவிட்டார்கள். நம்மிடையே சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக இருக்கும். அந்துருண்டை போட்டு வைத்த துணியில் சுற்றினால் அவர்களுக்கு ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். ஆகவே கைக்குழந்தைத் துணி இருக்கிற தட்டில் அது கூடவே கூடாது. மற்ற இடத்தில் போட்டே ஆக வேண்டும் என்றால் துணியில் கட்டி, ஜரிகையில் படாமல் மேல்தட்டின் மூலையில் வையுங்கள். கற்பூரத்தையும் அந்துருண்டையையும் சேர்த்து வைத்தால் இரண்டும் இளகி எண்ணெயாக வழியும், கறை போகாது. வசம்பு, வெட்டிவேர், காய்ந்த வேப்பிலை எல்லாம் நல்லவைதான். வாசனை போனதும் மாற்றாமல் விட்டால் குப்பைதான்.

ஐப்பசி பிறந்தாயிற்று. மார்கழி வரைக்கும் பீரோவுக்கு மோசமான காலம். மழைநாளில் நன்றாகக் காயாத துணியை, இஸ்திரி போட்டாயிற்றே என்று சூட்டோடு உள்ளே வைப்போம். அந்த ஆவி இரும்புத் தகட்டில் வியர்க்கும், நாலே நாளில் பூசணம் வாசனை வரும். சூடு ஆறி அரை மணி கழித்து வையுங்கள். வெயில் வருகிற நாளில் இரண்டு கதவையும் அகலத் திறந்து போடுங்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடம் விடுங்கள். கம்பியில் ஹேங்கர்களுக்கு நடுவே உள்ளங்கை நுழைகிற இடம் இருக்க வேண்டும். நுழையவில்லை என்றால் புது ஹேங்கர் வாங்காதீர்கள், துணியைக் குறையுங்கள். யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால் வீட்டில் வேலை செய்கிறவர் என்று உடனே சொல்வோம். கிழிந்ததையும் சாயம் போனதையும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். அதைத் தரை துடைக்க வைத்துக்கொண்டு, நல்லதைக் கொடுங்கள்.

மணி ஏழரை ஆகிவிட்டது, வாட்ச்மேன் இரண்டுதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கேள்வி இருக்கிறவர்கள் மேசைக்கு வாருங்கள். துப்பட்டாவும் இங்கேதான் இருக்கிறது, ஹேங்கர்களைத் தேய்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலை நான் திருப்பி எடுத்துப்போக வேண்டும், பேத்தியின் உடுப்பு அவற்றில்தான் தொங்க வேண்டும். கம்பி ஹேங்கரை யாராவது கொண்டுபோய்விடுங்கள். ஒட்டடை அடிக்க வீட்டில் இன்னொன்று இருக்கிறது.